மோரோடு கொடுத்த மாத்திரை

குலாபத்தூனுக்கு உட்கார்ந்தபடியே தூங்குவது கைவந்துவிட்டது. வயது முப்பதுகூட ஆகவில்லை. ஈரானின் ஷிராஸ் நகரத்து ஆஸ்பத்திரியின் மரப் பெஞ்சில் முதுகைச் சாய்த்தால் போதும், தலை தொங்கிவிடும். ஆனால் கணவன் பேரை யாராவது கூப்பிட்டால் அடுத்த நொடி எழுந்து நிற்பாள். ஒரு வருடத்துக்கு மேலாக இதுதான் அவள் பிழைப்பு.

கணவன் மாந்தனி செங்கல் சூளையில் கல் அடுக்கியவன். அவனுக்கு முன்னால் பிறந்த மூன்று பிள்ளைகளும் தக்கவில்லை என்பதால், இதுவாவது நிலைக்கட்டும் என்று வைத்த பெயர் அது. 'தங்குபவன்' என்று அர்த்தம். அவன் தங்கினான், அவன் வயிற்றில்தான் எதுவும் தங்கவில்லை. ஒரு நாளைக்கு எட்டு தடவை, பத்து தடவை வெளியே ஓடினான். எழுபது கிலோ ஆள் நாற்பத்தைந்தில் வந்து நின்றான். விரல் நுனிகள் மட்டும் எதற்கோ பருத்து உருண்டன. சீதபேதி என்றார்கள். திருஷ்டி என்று சொல்லிப் புகை போட்டார்கள். ஊரில் யோசனை சொல்ல மட்டும் ஆளுக்குப் பஞ்சமே கிடையாது.

பெரிய ஆஸ்பத்திரியில் குடலிலிருந்து துளி சதை எடுத்து, ரத்தத்தைக் கண்ணாடித் தட்டில் ஓடவிட்டுச் சாயம் போட்டுப் பார்த்த பிறகுதான் டாக்டர் ஷிர்வானி நோயின் பெயரைச் சொன்னார். அது அவள் வாயில் நுழையவில்லை.

"கிருமியை எதிர்க்கறதுக்கு உடம்பு ஒரு பொருள் செய்யும்மா. ரெண்டு பெரிய சங்கிலி, ரெண்டு சின்ன சங்கிலி, நாலும் சேர்ந்தாத்தான் அது முழுசு. இவர் குடல்ல இருக்கற செல்லுங்க சின்னதைச் சேக்கறதே இல்ல. பெரிய சங்கிலியையும் அரைகுறையாச் செஞ்சு ரத்தத்துல கொட்டுதுங்க."

"வேகாத கல்லை வண்டி வண்டியா இறக்கற மாதிரியா?"

"அதேதான். நல்லவேளை, நோய் இன்னும் ஆரம்ப நிலையிலதான் இருக்கு. இப்போதைக்கு டெட்ராசைக்ளின் மாத்திரைக்கே அடங்கும். ஒரு நாளைக்கு நாலு, ஆறு மாசத்துக்கு. ஒரு வேளைகூட விடக்கூடாது. முத்திப்போனா புத்துநோயா மாறிடும். அப்புறம் என் கையில இல்ல."

அவள் ஒரு வேளைகூட விடவில்லை. சூளையில் அவன் இடத்தில் இப்போது அவள்தான் மண் மிதித்தாள், அச்சில் போட்டாள், வெயிலில் பரப்பினாள். இடையிடையே கையைக் கழுவிக்கொண்டு வீட்டுக்கு ஓடி மாத்திரை கொடுத்துவிட்டு வருவாள். முதல் வாரத்திலேயே அவன் வாயெல்லாம் புண்ணாகிவிட்டது. பக்கத்து வீட்டு மஹ்தாப் எட்டிப் பார்த்தாள்.

"இது சூட்டு மருந்துடி. வெறும் வயித்துல போட்டா குடலைப் பொசுக்கிடும். மோரை ஊத்திக் குடு, சமன் ஆயிடும்."

அங்கே சூடு, குளிர்ச்சி பார்க்காமல் யாரும் ஒரு பேரீச்சம்பழம்கூடத் தின்னமாட்டார்கள். மோரை விடக் குளிர்ச்சி ஏது? மஹ்தாப்பின் ஆடுகளுக்குத் தழை அறுத்துப் போட்டுப் பால் வாங்கினாள். தினமும் விடிவதற்கு முன் தோல்பையில் தயிரை ஊற்றி ஆட்டி ஆட்டிக் கடைந்தாள். தோள்பட்டை கழன்றுவிடும்போல வலிக்கும். நாலு மாத்திரைக்கு நாலு கிண்ணம் மோர், காய்ந்த புதினா கசக்கிப் போட்டு. புண்கூடக் கொஞ்சம் ஆறியது. தன் கையால் செய்வது பலிக்கிறது என்று அவளுக்கு உள்ளூரப் பெருமைதான்.

மூன்று மாதம் கழித்துத் தராசில் ஏற்றினால் நாற்பத்துமூன்று கிலோ.

மாந்தனியை எக்ஸ்ரேக்கு அனுப்பிவிட்டு டாக்டர் அவளை மட்டும் உள்ளே கூப்பிட்டார். ரத்தத்தில் அந்த அரைகுறைச் சங்கிலி கொஞ்சமும் குறையவில்லையாம்.

"மருந்து கேக்கலம்மா. வயித்தைத் திறந்து பாக்கணும். புத்துநோயா மாறியிருந்தா கடுமையான மருந்து குடுக்கணும். இந்த உடம்பு தாங்குமான்னு எனக்கே தெரியல." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "மறைக்காம சொல்லுங்க. நடுவுல நிறுத்திட்டீங்களா?" என்றார்.

அவளுக்குச் சுருக்கென்றது. இத்தனை நாள் பொறுத்ததெல்லாம் பொங்கிக்கொண்டு வந்தது.

"நிறுத்தறதா? ஷா சிராக் தர்கா மேல ஆணையாச் சொல்றேன் டாக்டரய்யா, நான் சாப்பிட மறந்திருக்கேன், அதை மறக்கல. நாலு வேளையும் இந்தக் கையால, அன்னன்னைக்குக் கடைஞ்ச மோரோட குடுத்திருக்கேன்!"

டாக்டரின் பேனா நின்றது.

"எதோட?"

"மோரோட."

"எல்லா மாத்திரையும்?"

"எல்லாமும்தான். சூட்டு மருந்தாச்சே."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "பால், தயிர், மோர் எல்லாத்துலயும் சுண்ணாம்புச் சத்து இருக்கு. அது இந்த மருந்தைக் கெட்டியாப் பிடிச்சுக்கும். உடம்புல சேரவிடாது."

"அப்ப இந்த மூணு மாசம்?"

"முக்காவாசி வீணாப் போயிருக்கும்."

"நீங்க சொல்லலையே?"

"சொல்லல. அது என் தப்புதான்."

அவர் திட்டியிருந்தாலாவது அவள் திருப்பிச் சண்டை போட்டிருப்பாள். தப்பை ஒப்புக்கொண்ட மனிதரிடம் என்ன சண்டை போடுவது? ஆபரேஷனை இரண்டு மாதம் தள்ளிவைப்பதாகச் சொன்னார். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னால், வெறும் தண்ணீரில் மட்டும் மாத்திரை. அதற்குள் நோய் முற்றாமல் இருந்தால் அதிர்ஷ்டம். "அவர்கிட்ட இதைச் சொல்லவேண்டாம், மனசு விட்டுடுவார். மருந்து மாத்தினதா இருக்கட்டும்" என்றார்.

பஸ்ஸில் மாந்தனி ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்திருந்தான்.

"டாக்டர் மூஞ்சி சரியில்லையே குலா. விடு, அந்தாள் மருந்து கெடக்கு. உன் மோர்தான் என்னை இம்புட்டு நாள் இழுத்துப் பிடிச்சிருக்கு. அது இல்லேன்னா எப்பவோ போயிருப்பேன்."

அவள் பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் நாளைக் காலையில் மோர் எங்கே என்பான். ஆடு வற்றிவிட்டது என்று சொல்லவேண்டும். மஹ்தாப் வந்து உளறாமல் பார்த்துக்கொள்ளவேண்டும். மண்ணையும் சுமந்து, இவனையும் சுமந்து, இதற்குமேல் ஒரு பொய்யையும் சுமக்க அவளிடம் தெம்பு இல்லை. ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டாள்.

சூளை நிறுத்தம் வந்ததும் அவன் கம்பியைப் பிடித்து எழுந்தான். இறங்கும்போது, "மூணு மாசம்," என்றான்.

மறுநாள் மாத்திரைப் பொட்டலத்தை அவளிடமிருந்து வாங்கித் தன் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டான். தண்ணீரைத் தானே மொண்டான். திட்டவில்லை, ஒரு வார்த்தை குத்திப் பேசவும் இல்லை. பேசியிருந்தால் தேவலை. அவள் ரொட்டியை நீட்டினால், கீழே வைக்கச் சொல்லி, அவள் நகர்ந்த பிறகு எடுத்துச் சாப்பிட்டான். அவளும் சூளைக்குப் போனாள், வந்தாள், அழுவதற்குக்கூட அலுப்பாக இருந்தது.

இரண்டு மாதத்தில் ஐந்து கிலோ ஏறினான். ரத்தத்தில் அந்தச் சங்கிலி தேடிப் பார்க்கும் அளவுக்குக் குறைந்திருந்தது. "பயந்த மாதிரி மாறல. ஆபரேஷன் வேண்டாம். மருந்தை மட்டும் விட்டுடாதீங்க," என்று டாக்டர் மாந்தனியின் முதுகில் தட்டினார்.

வெளியே வந்ததும் அவனுக்கு இருமல் வந்தது. அவள் பையிலிருந்து தண்ணீர்ப் புட்டியை எடுத்து நீட்டினாள்.

"வேணாம். நானே குடிச்சுக்கறேன்," என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு குழாயடிக்குப் போனான்.

நீட்டிய கை அப்படியே நின்றது. நெஞ்சு வலித்தது, நன்றாகவே வலித்தது. ஆனால் அவன் சுவரைப் பிடிக்காமல், யார் தோளையும் தேடாமல், அந்த நீளமான தாழ்வாரத்தில் தனியாக நடந்து போவதைத்தான் அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். சாகும்வரை என்மேல் கோபமாக இருக்கட்டும், கோபப்பட ஆள் இருந்தால் சரி என்று நினைத்துக்கொண்டாள்.