ஷஹீராவின் இடது கன்னம்

என் தம்பி பெண்டாட்டி ஷஹீராவைப் பற்றிச் சொல்வதென்றால் முதலில் என் வாயைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இந்த வாய் கொஞ்சம் அடங்கிக் கிடந்திருந்தால் அந்தப் பெண் இருபத்து மூன்று நாள் சுவரைப் பார்த்து அழுதிருக்க மாட்டாள்.

எங்கள் தம்யாத் ஊர்க் கடைத்தெருவில் மிட்டாய்க் கடைக் கல்லாவில் இன்றைக்கும் அவளைப் பார்க்கலாம். ஜிலேபி போன்ற சூடான முஷப்பக்கைப் பாகு சொட்டச் சொட்ட எடுத்து எடை போடுவாள். சிரித்தால் இடது கண் மட்டும் கொஞ்சம் சுருங்கும். அது தெரியாதவர்கள் கண்ணடிக்கிறாள் என்று நினைத்து இன்னொரு கால் கிலோ சேர்த்து வாங்கிப் போகிறார்கள். என் தம்பி லுத்ஃபியும் அந்தச் சிரிப்பில் மாட்டியவன்தான், ஆனால் அது கண் சுருங்குவதற்கு முந்தின காலம். நாற்காலிக் கால்களில் பூவேலை செதுக்குகிறவன். இனிப்பே தொடமாட்டான். அவன் நான்கு மாதம் தினமும் முஷப்பக் வாங்கி வந்தான். வீடு முழுக்க எறும்பு மொய்த்த பிறகுதான் எனக்கு விஷயம் விளங்கியது.

கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்து நதா பிறந்தாள். ஏழாம் நாள் விழாவுக்குத் தெருவே வந்தது. குழந்தையைச் சல்லடையில் கிடத்தி, காதருகே உரலை இடித்து, அம்மா பேச்சைக் கேள், அப்பா பேச்சைக் கேட்காதே என்று பெண்கள் கத்திச் சிரித்தோம். அன்று காலையில் லுத்ஃபி நாவிதரிடம் போய் முகம் பளபளக்க மழித்துக்கொண்டு நேராகப் பிள்ளை பெற்றவள் அறைக்குள் போய்விட்டான். எங்கள் பக்கத்தில் அது ஆகாது. நாற்பது நாள் முடியும்வரை, புதிதாக மழித்தவன் உள்ளே போகக் கூடாது. தாயையும் பிள்ளையையும் வெளியே கூட்டிவந்து அவனைப் பார்க்கவைக்க வேண்டும். இல்லாவிட்டால் பால் வற்றும் என்பார்கள்.

மறுநாள் காலை ஷஹீராவுக்கு வெந்தயத் தண்ணீர் கொடுத்தேன்.

“அக்கா, கிளாஸ்ல ஓட்டை இருக்கா பாருங்க. ஒழுகுது.”

கிளாஸில் ஓட்டை இல்லை. அவள் வாயின் இடது ஓரம் தொங்கிக் கிடந்தது. இடது கண் மூடவில்லை. அந்தப் பக்கத்து முகம் தூங்குகிற பிள்ளையின் கை போலத் துவண்டிருந்தது.

ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன வயசு டாக்டரம்மா பார்த்தாள். முகத்து நரம்பு வீங்கியிருக்கிறது, கர்ப்பத்திலும் பிரசவத்துக்குப் பிறகும் சிலருக்கு இப்படி வரும் என்றாள். மாத்திரை கொடுத்தாள், கண்ணுக்குச் சொட்டு மருந்து கொடுத்தாள், தூங்கும்போது இமையை இழுத்து மூடி ஒட்டிவிடச் சொன்னாள். பெரும்பாலும் சரியாகிவிடும், ஆனால் மாதக்கணக்கில்கூட ஆகலாம். ஷஹீரா வெளியே பெஞ்சில் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் தணிந்த குரலில் கேட்டேன்.

“யாராவது செஞ்ச தப்பால வந்ததாம்மா?”

“யார் தப்பும் இல்லம்மா. தானா வர்றது.”

இதே காதால்தான் கேட்டேன். வீட்டுக்கு வந்தால் படிக்கட்டில் லுத்ஃபி தாடை மினுங்க நிற்கிறான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவளை மேலே அனுப்பிவிட்டு அவனைப் பிடித்துக்கொண்டேன்.

“வழிச்சுட்டு நேரா உள்ள போனியே, இப்ப பாரு, அவ மூஞ்சிய என்ன பண்ணி வச்சிருக்கேன்னு. நாப்பது முடியறதுக்குள்ள அந்த ரூம் வாசப்படிய மிதிச்ச, கால ஒடிச்சுருவேன்.”

பால் வற்றும் என்றுதான் ஊரில் சொல்வார்கள். முகம் கோணும் என்று யாரும் சொன்னதில்லை. அதைச் சேர்த்தது நான். அம்மா போன பிறகு அவனை வளர்த்தவள் நான் என்பதால் முப்பத்தெட்டு வயசு ஆம்பிளை அப்படியே நம்பிவிட்டான். கீழே பட்டறையில் படுத்துக்கொண்டான். மழிப்பதையே விட்டான். சாயங்காலம் மேலே வந்து அறை வாசலில் தொங்கும் திரைக்கு இந்தப் பக்கம் நிற்பான்.

“ஷஹீரா, சாப்ட்டியா?”

“ம்.”

அவ்வளவுதான். அவளுக்கு என்று புறா வாங்கி அனுப்புவான். நான் குழையச் சமைத்துக் கொடுப்பேன். வலது பக்கமாக மென்று, இடது ஓரத்தைத் துணியால் ஒற்றிக்கொள்வாள். யாராவது பார்க்க வந்தால் சுவர்ப் பக்கம் திரும்பிவிடுவாள். எதிர் வீட்டு உம்மு வஹீத் ஒருநாள், “வாய்தானடி கோணிச்சு, பால் கோணலையே,” என்றாள். ஷஹீரா முக்காட்டால் வாயை மறைத்துக்கொண்டு சிரித்தாள். அந்த நாட்களில் அவள் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

முப்பத்தோராம் நாள் மத்தியானம் சூப் எடுத்துப் போனபோது பிள்ளையின் துணிகளைப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“எங்க கெளம்பிட்ட?”

“அம்மா வீட்டுக்கு.”

“யாரு என்ன சொன்னா உன்ன?”

“யாரும் ஒண்ணும் சொல்லல. அவருக்கு இந்த மூஞ்சியப் பாக்கவே புடிக்கலக்கா. இருபத்து மூணு நாளா ஒரு தடவ திரைய வெலக்கல. அவரா போன்னு சொல்றதுக்குள்ள நானே போயிடுறேன்.”

உதடு சேராததால் ‘போ’ வெறும் காற்றாக வந்தது. சூப்பைக் கீழே வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். படிக்கட்டில் கத்தியதையும் சொன்னேன், டாக்டரம்மா சொன்னதை அவனிடம் மறைத்ததையும் சொன்னேன். வெட்கத்தில் உயிரே போய்விடும் போலிருந்தது. அவள் கையிலிருந்த துணியைப் பைமேல் போட்டாள்.

“ஏன்க்கா அப்படிப் பண்ணீங்க?”

ஜன்னலுக்குப் போய்க் கீழே பட்டறையிலிருந்த லுத்ஃபியைக் கூப்பிட்டேன். வந்தான், வழக்கம்போல் திரைக்கு வெளியே நின்றான்.

“உள்ள வாடா.”

“நாப்பதுக்கு இன்னும் ஒம்போது நாள் இருக்கேக்கா.”

“நான் சொன்னது பொய். அது நரம்பு வீக்கம். யாரும் செஞ்சதில்ல. டாக்டரம்மா அன்னிக்கே சொன்னா. வா.”

தாடியில் மரத்தூளோடு வந்து தரையைப் பார்த்தபடி நின்றான். ஷஹீரா பையைத் தள்ளி வைத்தாள்.

“அக்கா, வெந்நியும் அவரு சவரப் பெட்டியும் கொண்டாங்க.”

“இந்த ரூம்லயா? பால்...” என்று ஆரம்பித்து நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

“இந்த ரூம்லதான்.”

அவனைக் கட்டிலில் உட்காரவைத்துச் சோப்பு நுரை தடவினாள். அவன் கண்ணை இறுக மூடியிருந்தான்.

“கண்ணத் தொறங்க.”

“நான்தான் உன்ன இப்படி ஆக்கிட்டேன்னு...”

“அக்கா சொல்லிட்டாங்க. பேசாதீங்க, கத்தி பட்டுடும். என்னப் பாருங்க.”

பார்த்தான். ஒரு சாண் தூரத்தில் அவள் முகம். வலது கன்னத்தை அவள் மழித்து முடிப்பதற்குள் நுரையெல்லாம் அவன் கண்ணீரில் கரைந்துவிட்டது. அப்போது நதா வீரிட்டாள். ஷஹீரா கத்தியை என் கையில் கொடுத்துவிட்டுப் பிள்ளையை எடுத்து மார்போடு அணைத்தாள். பிள்ளை மடக் மடக்கென்று குடித்தது. பாதி தாடியும் பாதி மழித்த கன்னமுமாக அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் சுவர்ப் பக்கம் திரும்பவில்லை.