அலசி ஊற்றிய பால்

தேவிகாவுக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. கிளிஞ்சல்மேட்டில் கருவாடு காயவைக்கிறவள். வெயில் நகர நகரத் தானும் நகர்ந்தே பழக்கம். கல்யாணமாகி ஒன்பதாம் வருஷம், எட்டு மாதத்திலேயே பெண் குழந்தை பிறந்தது. இரண்டு கிலோ. இதயத்தில் கோளாறு. ஆபரேஷன் செய்ய எடை ஏறவேண்டும். அதுவரை காலையும் மாலையும் ஒரு மருந்து, வேளைக்குப் புள்ளி இரண்டு மில்லி. நாலே சொட்டு. குறைந்தால் மூச்சு வாங்கும். கூடினால் நாடி இறங்கி உயிருக்கே ஆபத்து.

குழந்தைகள் வார்டில் நர்ஸாக இருக்கிற நான்தான் ஊசியில்லாத சிரிஞ்சில் அளக்கவும், நாடி நூறுக்குக் கீழே இறங்குகிறதா என்று எண்ணவும் அவளுக்குக் காட்டிக்கொடுத்தேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். "கருவாட்டுக்கு உப்புப் போடுற மாதிரி கண்ணளவு கூடாது. கோட்டப் பாரு. ஒரு சொட்டும் வீணாக்காதே" என்று மூன்று தரம் சொன்னேன். "சரிக்கா, சரிக்கா" என்று மூன்று தரமும் தலையாட்டினாள்.

வீட்டுக்குப் போன பிறகு நாளுக்கு நாலு போன்.

"சௌந்தரம் அக்கா, குமிழி வந்துருச்சு."

"தட்டி மேல ஏத்தி வெளிய தள்ளு."

"கோட்டுக்கு மேல் விளிம்பா அக்கா, கீழ் விளிம்பா?"

எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வரும். அவள் புருஷன் மணிவேல் விசைப்படகில் கடலுக்குப் போயிருந்தான். கரை திரும்ப ஒரு வாரம் ஆகும். கேட்க அவளுக்கு வேறு ஆள் ஏது? பொறுத்துக்கொண்டேன்.

ஐந்தாம் நாள் மத்தியானம் வந்த போனில் அவள் குரலே சரியில்லை. "காலையிலேர்ந்து பால கக்குதுக்கா. நாடி தொண்ணூறுதான் வருது. மூணு தடவ எண்ணிட்டேன்."

"மருந்து குடுக்காதே. உடனே ஆட்டோ புடிச்சு வா" என்றேன். அவள் வந்து சேரும்வரை வாசலுக்கும் வார்டுக்குமாக நடந்தேன்.

டாக்டர் குழந்தையின் மார்பில் கம்பிகளை ஒட்டிப் பார்த்தார். மருந்து அளவு கூடியிருக்கிறது என்றார். எனக்கு வந்ததே கோபம். அவளை வராந்தாவில் வைத்துப் பிடித்துக்கொண்டேன். "படிச்சுப் படிச்சு சொன்னேனே, கண்ண எங்க வச்சிருந்தே? எப்படி அளந்தேன்னு செஞ்சு காட்டு."

அவள் அழவில்லை. பையிலிருந்து சிரிஞ்சை எடுத்தாள். டம்ளர் தண்ணீரை மருந்தாக வைத்து உறிஞ்சினாள், கண்ணுக்கு நேரே பிடித்தாள், குமிழியைத் தட்டி வெளியேற்றினாள், கோட்டில் நிறுத்தினாள். மயிரிழை பிசகவில்லை. உள்ளங்கையில் தள்ளிக் காட்டினாள். பிறகு, குழந்தைக்குப் புகட்டும் பாலாடையில் மிச்சமிருந்த பாலைச் சிரிஞ்சில் உறிஞ்சி, குலுக்கி, அதையும் தள்ளினாள்.

"இது என்னடி?"

"அலசி ஊத்துறேன்க்கா. சிரிஞ்சு மூக்குல ஒட்டிக்கிட்டு நிக்குதுல்ல, மருந்து."

குழம்புச் சட்டியை அலசிக் கடைசிப் பிடிச் சோற்றில் ஊற்றிக்கொள்கிற வீடுகள் எங்களுடையவை. என் வீட்டிலும் அப்படித்தான். ஆனால் சிரிஞ்சின் மூக்கில் தங்குகிற மருந்து அளவில் சேராதது. பெரியவர்களுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. நாலு சொட்டுக் குடிக்கிற குழந்தைக்கு அது வேளைக்கு ஒன்றரைச் சொட்டு அதிகம்.

"யாருடி உன்ன அலசச் சொன்னது?"

"நீங்கதானேக்கா. ஒரு சொட்டும் வீணாக்காதேன்னீங்க."

குத்திக்காட்டுகிற குரல்கூட இல்லை அது. சொன்னதைச் செய்தவளின் குரல். நேரே டாக்டரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். மருந்தை நிறுத்திவைத்தார்கள். பிறகு அவள் குழந்தையின் கட்டிலைச் சுற்றி நடந்தாள். வேலைக்கு நடுவே நானும் சுற்றி வந்தேன்.

மூன்றாம் நாள் காலை நாடி நூற்று முப்பதைத் தொட்டது. பால் வயிற்றில் தங்கியது. அப்பாடா என்றிருந்தது. அடுத்த நாள் மருந்தைத் திரும்பத் தொடங்கினார்கள். தேவிகாதான் அளந்தாள், கொடுத்தாள். மூக்கில் மருந்து நின்ற சிரிஞ்சோடு குழாயடிக்குப் போனவள், குழாயைத் திறக்காமல் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"கொட்டிரவாக்கா?"

"கொட்டிரு. நான் சொல்லிக்குடுத்ததுதான் தப்பு தேவிகா."

பதினாறு வருஷ வேலையில் ஒரு தாயிடம் நான் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.