கதை வேண்டுமென்றால் கருத்தோடுதான்

தவக்காலம் வந்தால் எங்கள் ஆவடி குவார்ட்டர்ஸில் ஈஸ்டர் வரைக்கும் வீட்டுக்கு வீடு எதையாவது ஒறுத்தலாக விட்டுவிடுவார்கள். சிலர் கறி, சிலர் பூ. இந்த வருஷம் எங்கள் தெருப் பெண்கள் கூடிப் பேசி சீரியலை விட்டார்கள். நான் டீயை விட்டேன். எனக்கு அதுவே பெரிய சிலுவை.

பார்க்க மாட்டோம் என்றுதான் ஒறுத்தலே தவிர, கேட்க மாட்டோம் என்று யாரும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை ஜெபம் முடிந்து கோயிலிலிருந்து நடந்து வரும்போது, "இன்னாக்கா ஆச்சு?" என்று என்னைச் சுற்றிக்கொள்வார்கள். வாரக் கதை முழுவதும் தெருமுனைக்குள் முடிந்துவிடும். கூடவே என் கருத்தும் வந்து விழும். சினிமாவுக்கும் அப்படித்தான். அம்பத்தூரில் பார்த்த ஒரு புதுப்படத்துக்கு, ஹீரோ தாடி வளர்த்து முடிக்கவே இடைவேளை வந்துவிட்டது என்றேன். செல்போனில் பார்த்த கொலைத்தொடருக்கு, கொலைகாரன் யாரென்று போலீஸைத் தவிர எல்லோருக்கும் தெரிகிறது என்றேன். சிரித்தார்கள். என் வண்டி இப்படியே ஓடிக்கொண்டிருந்தது.

அந்த வாரம் சீரியலில், மாமியார் அழுதாள் என்பதற்காக மருமகள் வேலையை ராஜினாமா செய்தாள். மழையும் வீணையும் போட்டு அதை ஒரு தியாகமாகவே காட்டினார்கள். நான் கதையைச் சொல்லி முடித்து, "அழுகைக்கே வேலைய எழுதிக் குடுத்துட்டா. நாளைக்கு அந்தம்மா மயக்கம் போட்டா இன்னாத்த எழுதிக் குடுப்பா?" என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. எங்களோடு நடந்து வந்த டீச்சர், தூத்துக்குடிக்காரர், பள்ளியிலிருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய மருமகளுக்குப் பிரசவ விடுப்பு முடியப்போகிறது. குழந்தையை விட்டுவிட்டுக் கம்பெனிக்குப் போகாதே என்று டீச்சர் தினமும் கண்ணைக் கசக்குவது தெருவுக்கே தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை, நான் வாயைத் திறக்கும் முன்பே டீச்சர் முந்திக்கொண்டார். "இந்தா பாரு, எங்களுக்குக் கதை மட்டும் போதும். உன் வியாக்கியானத்த உன் வீட்டுல வச்சுக்கோ."

டீச்சர் மேல் எனக்கு மரியாதை உண்டு. என் பிள்ளைகளுக்கு எழுத்து சொல்லிக்கொடுத்தவர். ஆனாலும் அது முடியாது. "உரிச்சுக் குடுக்குற கடை இது இல்ல டீச்சர். வோணும்னா தோலோட வாங்கிக்கணும்," என்றேன். கதை சொல்லாமலே நடந்தேன். எனக்கு அழுகை வருகிற மாதிரி இருந்தது, ஆனால் வேகத்தைக் குறைக்கவில்லை.

பின்னாலிருந்து டீச்சரின் மருமகள், தோளில் குழந்தையோடு, கேட்டாள்: "அவ திரும்ப வேலைக்குப் போனாளாக்கா?"

"இன்னும் போவலம்மா. போவணும்."

அவள் குழந்தையை அடுத்த தோளுக்கு மாற்றினாள். "நான் திங்கக்கிழமை கம்பெனி பஸ்ல ஏறிடுவேன் அத்தை," என்றாள். சத்தமாகச் சொல்லவில்லை. ஆனாலும் எல்லோருக்கும் கேட்டது.

டீச்சர் கொஞ்ச தூரம் போய், என் பக்கம் திரும்பாமலே, "அந்த மாமியா என்ன செஞ்சா?" என்று கேட்டார்.

"அழுதுச்சு டீச்சர்," என்றேன். தோலையும் சேர்த்தே கொடுத்தேன்: "ஆனா நல்லாவே அழல."