பூமிக்குக் கொடுத்த நாற்காலி

இலங்கையில் மடுல்சீமைப் பக்கத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு இருந்த வெள்ளைக்காரத் துரை வேலையை விட்டு ஊருக்குப் போனபோது, கட்டி எடுத்துப் போக மனமில்லாத சாமான்களை ஆளுக்கொன்றாகக் கொடுத்துவிட்டுப் போனார். சமையல்காரருக்கு ஒரு கம்பளிக் கோட்டு. டிரைவருக்கு மழைச் சப்பாத்து. தோட்டத்து ஆபீஸின் பெரிய கிளாக்கருக்கு ஒரு பெட்டி நிறைய இங்கிலீஷ் புத்தகங்கள். கிளாக்கர் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. பதுளையில் விடுதியில் தங்கி இங்கிலீஷ் படித்து முடித்துவிட்டு வீட்டோடு இருந்த அவருடைய மகள்தான் திறந்தாள். அத்தனையும் விண்வெளிக் கதைகள். அட்டைகளில் ராக்கெட்டுகளும் மூன்று கண் வைத்த பச்சை நிற ஆட்களும் இருந்தார்கள்.

அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. எட்டாம் வகுப்பு வரை படித்திருந்ததால் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க வைத்திருந்தார்கள். அம்மாவும் அப்பாவும் மேல்பிரிவில் வேலை செய்தார்கள். தம்பி சின்னவன். தொழிலாளர்களின் வரிசை வீடுகளான எங்கள் லயத்திலிருந்து கிளாக்கர் வீட்டுக்கு இரண்டு மைல் இறக்கம். ஞாயிற்றுக்கிழமைகளில் துணி துவைத்துப் போட்டுவிட்டு நான் இறங்கிப் போவேன். எனக்கு இங்கிலீஷ் கற்றுக்கொள்ள வேண்டும். அவளுக்குப் படித்த கதையைச் சொல்ல ஒரு ஆள் வேண்டும். அப்படித்தான் எங்கள் பழக்கம் தொடங்கியது.

என்னைவிட இரண்டு வயது மூத்தவள். நாங்கள் இருவர் மட்டும் இருக்கும்போது அவளை அக்கா என்று கூப்பிடுவேன். அவளுடைய அம்மா பக்கத்தில் இருந்தால் எந்த முறையும் சொல்லாமல் பேசிச் சமாளிப்பேன். லயத்துப் பிள்ளை அப்படிக் கூப்பிடுவது அந்த அம்மாவுக்குப் பிடிக்காது என்று யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அடுப்படிக்குப் பின்னால், விறகு அடுக்கியிருக்கும் தாழ்வாரத்தில் உட்கார்ந்துகொள்வோம். முதலில் அரைமணி நேரம் இங்கிலீஷ் பாடம். பிறகு கதை.

அவள் சொன்ன கதைகளில் மனிதன் எப்போதும் கடைசியாக வந்து சேர்ந்தவன். நட்சத்திரங்களுக்கிடையில் பலப்பல இனங்கள் ஏற்கெனவே குடியிருக்கின்றன. அவற்றுக்கு ஒரு சபை இருக்கிறது, சட்டம் இருக்கிறது. யாரைச் சேர்ப்பது, யாரைத் தள்ளுவது என்று அவை முடிவு செய்கின்றன. பூமியிலிருந்து போகிறவன் கையில் ஒரு விண்ணப்பத்தோடு நிற்கிறான். அவன் பேசுவது அவர்களுக்கு விளங்குவதில்லை. ஒரு கதையில் மனிதர்கள் எல்லோருக்கும் இளையவர்கள். இன்னொன்றில் நல்ல வேலைக்காரர்கள். மற்றொன்றில் சண்டைக்காரர்கள் என்று பெயரெடுத்து ஒதுக்கப்பட்டவர்கள். ஆனால் எந்தக் கதையானாலும் முடிவு நன்றாக இருக்கும். மனிதனிடம் தாங்கள் காணாத எதையோ அந்த இனங்கள் கண்டுகொள்ளும். எழுந்து நின்று இடம் கொடுக்கும்.

எனக்கு மிகவும் பிடித்தது ஒரு தூதுவனின் கதை. பூமி முழுவதற்குமாகப் பேச அவன் ஒருவனைத்தான் அனுப்பியிருப்பார்கள். பதினொரு இனங்கள் உட்கார்ந்திருக்கும் மண்டபத்தில் நாட்கணக்கில் அவனை விசாரிப்பார்கள். கடைசி நாளன்று, எல்லோரிலும் மூத்த இனத்தின் தலைவர் எழுந்து, பன்னிரண்டாவது நாற்காலி ஒன்றைத் தானே தூக்கி வந்து போடுவார். இதை அவள் சொன்ன அன்று, மேலே ஏறிப் போகும் வழியெல்லாம் அந்த நாற்காலியையே நினைத்துக்கொண்டு போனேன்.

எங்கள் பேரிலும் ஒரு விண்ணப்பம் போயிருந்தது. தோட்டத்து ஆட்களுக்கு எந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லாததால், இந்தியாவுக்குப் போவதா இங்கேயே இருப்பதா என்று ஒவ்வொரு குடும்பமும் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்த காலம் அது. எங்கள் லயத்தில் பாதிக் குடும்பங்கள் போவதாக எழுதின. அப்பா யோசிக்கவேயில்லை. இந்த மலைநாட்டிலேயே ஹல்துமுல்லைக்குப் பக்கத்தில் பிறந்தவர், கடலையே பார்த்ததில்லை. இங்கேதான் இருப்போம் என்று சொல்லிக் குடியுரிமை கேட்டுக் கைநாட்டுப் போட்டார். கிளாக்கர் ஐயாவுக்கு வேலை அதிகமாக இருந்ததால் எங்களுடைய தாளை அவருடைய மகள்தான் அழகான எழுத்தில் நிரப்பினாள். என்னுடைய பெயரை எழுதும்போது நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

அதன் பிறகு வருஷக்கணக்காகக் காத்திருந்தோம். தோட்டத்து ஆட்களுக்கு வரும் கடிதமெல்லாம் ஆபீசுக்குத்தான் வரும். அதனால் ஒவ்வொரு ஞாயிறும் கதைக்கு முன்பு நான் கேட்பேன், பதில் ஏதாவது வந்ததா என்று. அவள் தலையாட்டுவாள். இன்னும் இல்லை.

ஒரு வருஷம் கிளாக்கர் மகள் பண்டாரவளையில் ஒரு கல்யாணத்துக்குப் போய் இரண்டு வாரம் தங்கிவிட்டாள். அதற்குள் எனக்குக் கொஞ்சம் இங்கிலீஷ் வந்திருந்தது. அந்தத் தூதுவன் கதையை நானே படித்துப் பார்க்க வேண்டும் என்று ஆசை. அவளுடைய அம்மாவிடம் கேட்டேன். எடுத்துக்கொண்டு போய்ச் சுத்தமாகத் திருப்பிக் கொடு என்று கொடுத்தார். பள்ளிக்கூடம் விட்ட பிறகு, பிள்ளைகள் எழுந்து போன வாங்குப் பலகையில் உட்கார்ந்து, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தேன். முழுப் புத்தகமும் என்னால் முடியாது. கடைசி அத்தியாயத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன். ஒன்பது பக்கம். பத்து நாள் ஆயிற்று.

நாற்காலி வரவில்லை. சபை கூடுகிறது. மனிதர்களை அறிவுள்ள இனமாகக் கொள்ள முடியாது, பொருட்களைச் செய்யத் தெரிந்த பிராணிகளின் பட்டியலில் சேர்க்கலாம் என்று வாசிக்கிறார்கள். தூதுவனுக்குப் பரிசுகள் கொடுத்துத் திருப்பி அனுப்புகிறார்கள். அதோடு கதை முடிகிறது. நான் ஏதோ ஒரு சொல்லைத் தவறாகப் புரிந்துகொண்டேன் என்று நினைத்துத் திரும்பத் திரும்ப அகராதியைப் புரட்டினேன். சொற்களெல்லாம் சரியாகத்தான் இருந்தன.

அவள் திரும்பி வந்ததும் கேட்டேன். கோபமாக இல்லை, சிரித்துக்கொண்டுதான் கேட்டேன். அவள் முகம் ஒரு நிமிஷம் வெளுத்து, பிறகு அவளும் சிரித்தாள். அநேகமாக எல்லாக் கதைகளையும் அப்படித்தான் மாற்றினாளாம். சிலவற்றில் மனிதர்களைப் பட்டியில் அடைத்து வளர்க்கிறார்கள். சிலவற்றில் பூமியே இருந்த இடம் தெரியாமல் போகிறது.

"நீ அவ்வளவு ஆசையா கேட்டுக்கிட்டு இருப்ப. உள்ளத உள்ளபடி சொல்லி ஒன்ன எப்படி அந்த ஏத்தத்துல அனுப்புறது?" என்றாள்.

உண்மையைச் சொன்னால் எனக்கு அது பிடித்திருந்தது. எனக்காக ஒருத்தி மெனக்கெட்டு முடிவுகளை மாற்றியிருக்கிறாள். ஆனால் கூடவே எங்கள் கடிதம் நினைவுக்கு வந்தது. அந்த இடத்திலேயே கேட்டேன்.

"அக்கா, எங்க கடுதாசி நெசமாவே வரலதானே?"

"வரல. வந்தா மொதல்ல ஒனக்குத்தான் சொல்லுவேன்."

என் கண்ணைப் பார்த்துத்தான் சொன்னாள். நான் நம்பினேன்.

இரண்டு மாதம் போயிருக்கும். பக்கத்து லயத்தில் எங்களுக்குப் பிறகு எழுதிப் போட்டவர்களுக்கெல்லாம் பதில் வந்துவிட்டது. அப்பா பொறுக்க முடியாமல், ஒரு நாள் காலையில் பேர் கூப்பிடும் பெரட்டு கலைந்ததும் வேலைக்குப் போகாமல் நேரே ஆபீசுக்கு இறங்கினார். அன்று பள்ளிக்கூடம் இல்லை. நானும் கூடப் போனேன். ஆபீஸ் சன்னலுக்கு வெளியே நின்று அப்பா விஷயத்தைச் சொன்னார். கிளாக்கர் ஐயா கணக்குப் புத்தகத்திலிருந்து தலையை நிமிர்த்தினார். அவர் முகத்தில் ஆச்சரியத்தைத் தவிர வேறொன்றும் இல்லை.

"அது வந்து அஞ்சு மாசமாகுதே. ஒம் மககிட்ட குடுக்கச் சொல்லி எம் மககிட்ட அன்னைக்கே குடுத்தாச்சே."

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் வாங்கி மறைத்துவிட்டேன் என்று அவர் நினைத்தது அந்தப் பார்வையில் தெரிந்தது. இத்தனை வருஷத்தில் மற்றதெல்லாம் கொஞ்சம் ஆறிவிட்டது. அந்தப் பார்வை ஆறவில்லை. ஆபீசுக்கு மேலேதான் அவர்கள் வீடு. ஓடினேன்.

அவள் தாழ்வாரத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். கடுதாசி எங்கே என்று கேட்டேன். முறத்தைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனாள். தையல் மெஷின் லாச்சியை இழுத்துத் திறக்கும் சத்தம் கேட்டது. உறையைப் பிரித்திருந்தாள். இங்கிலீஷில்தான் இருந்தது. அவள் கற்றுக்கொடுத்த இங்கிலீஷை வைத்துக்கொண்டு அவள் முன்னாலேயே நின்று வாசித்தேன். அப்பா இந்த நாட்டில் பிறந்ததற்குக் காட்டிய அத்தாட்சி போதாது என்று விண்ணப்பத்தைத் தள்ளியிருந்தார்கள். மறுபடி முறையிடுவதானால் இத்தனை நாளைக்குள் முறையிடலாம் என்று அடியில் இருந்தது. அந்த நாள் எப்போதோ தாண்டியிருந்தது.

"நல்ல சேதியா இருந்தா அன்னைக்கே ஓடி வந்திருப்பேன். ஒன் மொகத்தப் பாத்து இதச் சொல்ல எனக்கு முடியல" என்றாள். அழுதாள்.

நான் அழவில்லை. இது கதை இல்லை என்று மட்டும் சொன்னதாக நினைவு. சொன்னேனா, சொல்ல நினைத்தேனா என்று இப்போது நிச்சயமாகத் தெரியவில்லை.

அப்பா ஹல்துமுல்லைக்குப் போனார். அவர் பிறந்த தோட்டத்தின் பழைய பேர்ப்பதிவுப் புத்தகத்தில் தாத்தாவின் பெயரும், அப்பா பிறந்ததும் எழுதியிருந்தது. அங்கேயிருந்த கிளாக்கர் ஒரே நாளில் நகல் எழுதிக் கொடுத்துவிட்டார். அதை எடுத்துக்கொண்டு நானும் அப்பாவும் பதுளைக்குப் பஸ் ஏறினோம். அங்கே குடியுரிமை ஆபீஸில் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். தாள் சரி என்றார். நாள்தான் போய்விட்டது என்றார். அப்பா அந்த நகலை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, திரும்பி வரும்வரை அதன்மேல் கையை வைத்தபடியே உட்கார்ந்திருந்தார்.

அடுத்த வருஷம் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. குடியுரிமை இல்லாதவர்களுக்கு அதில் இடமில்லை. என்னை நிறுத்தினார்கள். என் இடத்துக்குக் குடியுரிமையும் படிப்பும் உள்ளவராக ஒருவரைத் தேடினார்கள். கிளாக்கர் மகள் வந்தாள். நான் கொழுந்துக் கூடையைக் கட்டிக்கொண்டு மலைக்குப் போகும்போது, நான் சொல்லிக்கொடுத்த பிள்ளைகள் அவளுக்கு எழுந்து நின்று வணக்கம் சொல்வது ரோட்டுக்குக் கேட்கும்.

அந்த வேலைக்காகத்தான் கடுதாசியை மறைத்தாள் என்று லயத்தில் எல்லோரும் சொன்னார்கள். அம்மாவும் அதையே சொன்னார். எனக்கு அது அப்படித் தோன்றவில்லை. வேலை பின்னால் வந்தது. ஆனால் வந்தபோது அவள் வேண்டாம் என்று சொல்லவுமில்லை. அவளைக் கெட்டவள் என்று முடிவு கட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

வேறு வழியில்லாமல் அப்பா இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்தார். நானாவது இங்கே இருக்கட்டும் என்று, ஹாலிஎலயில் தாள் சரியாக உள்ள ஒருவருக்கு அவசரமாக என்னைக் கட்டிக்கொடுத்தார்கள். நல்ல மனிதர், அதில் எனக்குக் குறையில்லை. அம்மாவும் அப்பாவும் தம்பியும் பதுளையில் ரயில் ஏறினார்கள். வழியில் ஹாலிஎல ஸ்டேஷனில் அந்த ரயில் நின்றபோது நான் பெட்டியைத் தேடி ஓடி முடிப்பதற்குள் அது கிளம்பிவிட்டது. தம்பியின் கை மட்டும் தெரிந்தது. நீலகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில்தான் வேலை கிடைத்தது என்று பிறகு எழுதினார்கள். அங்கே தங்களைச் சிலோன்காரர்கள் என்று சொல்கிறார்கள் என்று அம்மா சொல்லித் தம்பி எழுதியிருந்தான். அப்பா அங்கேயே இறந்தார். சேதி வந்து சேர்ந்தபோது பதினாறாம் நாள் காரியமும் முடிந்திருந்தது.

கல்யாணத்துக்குப் பிறகு அந்த மாதிரிப் புத்தகங்களை நானே தேடிப் படிக்கத் தொடங்கினேன். பதுளைக் கடைவீதியில் பழைய புத்தகம் விற்கும் முஸ்லிம் கடைக்காரர் ஒருவர் எனக்கென்று எடுத்து வைப்பார். இப்போது கடைசிப் பக்கம்வரை நானே படிப்பேன். ஒன்று புரிந்தது. எழுதினவர்கள் எவரும் வாழ்க்கையில் அப்படியொரு வரிசையில் நின்றிருக்க மாட்டார்கள். நின்றால் எப்படியிருக்கும் என்று நினைத்துப் பார்த்துப் பயந்து எழுதியிருக்கிறார்கள். மேலே இருப்பவர்கள் மனிதனை வெறுப்பார்கள் அல்லது தின்பார்கள் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்கிறது. மரியாதையாகப் பேசி, நாள் தாண்டிவிட்டது என்று சொல்லி அனுப்புவார்கள் என்று எழுதியவரை நான் இன்னும் படிக்கவில்லை. நம் பக்கத்தில் நிற்கிறவர்களே நமக்குத் தீர்ப்பைச் சொல்லாமல் விடுவார்கள் என்று எழுதியவரையும் படிக்கவில்லை.

எண்பதுகளின் நடுவில் ஒரு நாள் ஹாலிஎல பஸ் தரிப்பிடத்தில் அவளைப் பார்த்தேன். தலை பாதி நரைத்திருந்தது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று கேள்விப்பட்டிருந்தேன். என்னைக் கண்டதும் கிட்டே வந்தாள். அப்பா இறந்தது அவளுக்குத் தெரிந்திருந்தது.

"ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் இன்னைக்குச் சொல்லிடணும்னுதான் நெனப்பேன்" என்றாள். "நீ வந்து ஒக்காந்ததும், அடுத்த வாரம் சொல்லலாம்னு தோணிடும்."

எத்தனை ஞாயிறு என்று கேட்டேன். நான் ஏதாவது சொல்வேன் என்று என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு வேண்டிய சொல் எது என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்லியிருந்தால் அவள் நிம்மதியாகப் போயிருப்பாள். எனக்கு அது உண்மையாக இருந்திருக்காது. பசறைக்குப் போகும் அவளுடைய பஸ் வந்தது. பஸ் வந்திருச்சி, போங்க என்றேன். நீ, வா என்றே பேசிப் பழகிய என் வாயிலிருந்து முதல்முதலாக அவளுக்கு 'ங்க' வந்தது அன்றுதான். அவளும் அதைக் கவனித்தாள் என்று நினைக்கிறேன். ஏறி, நான் நின்ற பக்கத்துச் சன்னலோரம் இடமிருந்தும் எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்தாள்.

நான் மண்ணெண்ணெய் வாங்க வந்திருந்தேன். வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.