நான் போட்ட தலைப்பு

பழைய கேசட்டுகளைத் தேடி வாங்கி யூடியூபில் ஏற்றுவது என் பழக்கம். அப்படித்தான் பழனியில் ஒரு கடையில் காவடிப்பாட்டு கேசட் ஒன்று கிடைத்தது. பாடியவரைப் பற்றிக் கடைக்காரருக்குத் தெரியவில்லை. மேற்கொண்டு விசாரிக்கச் சோம்பல்பட்டு, ‘மறைந்த பாடகரின் அபூர்வக் குரல்’ என்று நானே தலைப்புப் போட்டுவிட்டேன். ஒரே வாரத்தில் அஞ்சலிகள் குவிந்தன.

அவற்றுக்கு நடுவே ஒரு பெண் எழுதியிருந்தார்: “எங்க மாமா உசுரோடதான் இருக்காருங்க. கொடைக்கானல் மலையில, போளூர்ல.”

எனக்கு உடம்பே கூசிவிட்டது. மறுநாளே கொடைக்கானல் போய், அங்கிருந்து போளூருக்குப் பஸ் பிடித்தேன். பெரியவர் வாசலில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை.

“கண்ணு மங்கிருச்சு தம்பி. என்ன எழுதியிருக்காங்கன்னு வாசிங்க” என்றார்.

அவருக்கு வந்த இரங்கல்களை அவருக்கே வாசித்தேன். அப்பாவின் தோளில் உட்கார்ந்து பழனிக்குப் போனபோது கேட்ட குரல் என்றார் ஒருவர். உயிரோடு இருக்கும்போதே தேடிப் போய்ப் பார்த்திருக்கலாமே என்று இன்னொருவர் வருந்தியிருந்தார். அதை மட்டும் பெரியவர் இரண்டாம் தடவை வாசிக்கச் சொன்னார்.

“இப்பவே மாத்திடுறேங்க ஐயா” என்று போனில் விரல் வைத்தேன். அவர் தடவித் தடவி என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கை ஜில்லென்றிருந்தது.

“கெடக்கட்டும் தம்பி. இருக்கேன்னு தெரிஞ்சா மறுபடி மறந்துருவாங்க.”

தலைப்பை நான் இன்னும் மாற்றவில்லை. அது சரியா என்றும் தெரியவில்லை. புதிதாக அஞ்சலி வரும்போதெல்லாம் அவர் மருமகளின் போனுக்குக் கூப்பிட்டு வாசிக்கிறேன். மறுமுனையில் அவர் மூச்சுவிடும் சத்தம் மட்டும் கேட்கும்.