சேர்ந்து கிழிந்த தேதிகள்

நான்காவது தடவை மருந்து ஏற்றிக்கொண்டு வந்த வாரம். காலையில் தினசரிக் காலண்டரில் தேதி கிழித்தேன். பார்த்துக்கொண்டிருந்த என் கணவர் சிரித்துவிட்டார். "இந்தா, நாளைக்கும் சேத்துக் கிழிச்சுட்டியே. அம்புட்டு என்ன அவசரம்?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. சிவகாசியில் காலண்டர் கம்பெனியில் பதினெட்டு வருடம் தாள் சரிபார்த்தவள் நான். கட்டின் ஓரத்தில் கட்டைவிரலை ஓட்டினால் போதும், எங்கே இரண்டு தாள் ஒட்டியிருக்கிறது என்று விரலே சொல்லிவிடும். ஊர் இந்த வருடத் தீபாவளிக்கு வெடி செய்துகொண்டிருக்கும்போது எங்கள் மடியில் அடுத்த வருடத் தீபாவளி கிடக்கும். "ஏட்டி, தீவாளி ஞாயித்துக்கிழமையில வருது. லீவு ஒண்ணு போச்சே!" என்று பக்கத்தில் இருக்கும் மாரியம்மா அங்கலாய்ப்பாள். என்ன நாட்கள் அவை! இப்போது அந்த விரல்களில் உறை மாட்டியதுபோல் இருந்தது.

மார்பகப் புற்றுநோய்க்கு எனக்கு ஏற்றியது பாக்லிடாக்சல் (செல்லின் உள்சட்டகத்தைத் தாக்கும் மருந்து). செல் இரண்டாகப் பிரியும்போது நுண்குழாய்கள் (இழைபோன்ற மெல்லிய குழல்கள்) நீண்டும் குறுகியும் மரபுப்பொருளை இருபக்கமும் இழுக்கும். மருந்து அவற்றை விறைத்து நிற்கவைத்துவிடும். பிரிய முடியாத செல் சாகும்.

நரம்புக்குள்ளும் சத்துகள் போய்ச்சேர அதே குழாய்கள்தான் பாதை. பாதை கெட்டால் கடைசி ஊருக்குத்தான் முதலில் லோடு வராது. விரல்நுனியும் பாதமும்தான் அந்தக் கடைசி ஊர்கள்.

இதெல்லாம் பிறகுதான் எனக்குத் தெரிந்தது. "விரல் மரத்துப்போகுதாம்மா? பொத்தான் போட முடியுதா?" என்று மதுரை டாக்டர் கேட்டபோது, மருந்தை நிறுத்திவிடுவாரோ என்று பயந்து, "நல்லா இருக்கு சார்" என்றேன். இரண்டு முறை இப்படிப் புளுகினேன். மூன்றாம் முறை என் கணவர் தரையைப் பார்த்தபடி, "ஜாக்கெட் கொக்கிய நான்தான் மாட்டிவிடுறேன் சார்" என்றார். எனக்கு மானமே போயிற்று.

டாக்டர் கோபப்படவில்லை. "மறைச்சீங்கன்னா உணர்ச்சி திரும்பாமலே போயிரலாம். அளவைக் குறைச்சுக் குடுத்துப் பாப்போம்" என்றார். இதே மருந்து ஏற்றிக்கொள்ளும் உங்களுக்கு ஒன்று சொல்கிறேன்: விரல் மரத்துப்போனால் அன்றைக்கே சொல்லுங்கள்.

சிகிச்சை முடிந்து ஒரு வருடமாகிறது. உணர்ச்சி பாதிதான் திரும்பியிருக்கிறது. கம்பெனியில் எனக்கு இப்போது அட்டை அடுக்கும் வேலை. தாளை மாரியம்மா பார்க்கிறாள். எதிரே உட்கார்ந்து அவள் விரலையே பார்த்துக்கொண்டிருப்பேன். பொறாமைதான், வேறென்ன.

வீட்டில் தேதி கிழிக்க இன்னும் நேரமாகிறது. சில நாள் இரண்டு தாள் வந்துவிடும். முன்பென்றால் கசக்கிப் போட்டிருப்பேன். இப்போது சோற்றுப் பருக்கையைத் தேய்த்து, நாளையை அதன் இடத்திலேயே ஒட்டிவிடுகிறேன்.

"நாளைக்கு எப்படியும் வரத்தான செய்யும், இதுக்கு எதுக்குப் பசை?" என்றார் என் கணவர்.

"உங்களுக்குத் தானா வரும். நான் ஒட்டி வச்சுக்கிறேன்."