சுபேதார் மாமாவை வேவு பார்த்தது

அப்பா பட்டாளத்தை முடித்துக்கொண்டு ஒரேயடியாக ஊருக்கு வந்த வருஷம் எனக்கு ஒன்பது வயது. அதுவரைக்கும் அப்பா என்றால் வருஷத்துக்கு ஒரு மாதம் லீவில் வருகிறவர். கோவில்பட்டி ஸ்டேஷனில் கறுப்பு டிரங்குப் பெட்டியோடு இறங்கி, என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொள்வார். ஒரேயடியாக வந்தவர் வேறு யாரோ மாதிரி இருந்தார். பாங்கு வாசலில் காவல் வேலைக்கென்று லைசென்ஸ் எடுத்துத் துப்பாக்கி வாங்கினார். இரண்டே மாதத்தில் அந்த வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டார். பருத்திக் காட்டுப் பக்கமும் எட்டிப் பார்ப்பதில்லை. வாசல் வேப்பமரத்தடியில் நாற்காலியைப் போட்டு ரோட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சாப்பிடக் கூப்பிட்டால் மூன்றாவது தடவைதான் காதில் விழும்.

‘பென்ஷன் வருது, இனி என்ன, ராஜா மாதிரி இருக்கலாம்’ என்று ஊரில் எல்லாரும் சொன்னார்கள். ராஜாக்கள் இப்படித்தான் சும்மா உட்கார்ந்திருப்பார்கள் போலிருக்கிறது என்று நானும் நினைத்துக்கொண்டேன். அப்பா மேல் எனக்கு எந்தச் சந்தேகமும் வரவில்லை. வந்ததெல்லாம் சுபேதார் மாமா மேல்தான்.

அவர் அப்பாவோடு பட்டாளத்தில் இருந்தவர். சில வருஷம் முன்பே ஓய்வு பெற்று, புதூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் ஆடு வளர்த்துக்கொண்டிருந்தார். அப்பா பட்டாளத்து வழக்கப்படி அவரை ‘சாப்’ என்பார். அம்மா ‘அண்ணாச்சி’ என்பாள். முதலில் வாரத்துக்கு ஒரு தடவை பைக்கில் வந்தார். பிறகு தினமும் வர ஆரம்பித்தார். கேட்டால், இந்த வழியாப் போனேன், அப்படியே பாத்துட்டுப் போவலாம்னு வந்தேன் என்பார். எங்கள் ஊர் எந்த ஊருக்கும் போகிற வழியில் இல்லை. ரோடு எங்கள் ஊரோடு முடிந்துவிடும்.

அப்பாவைப் பார்க்க வருகிறவர் முதலில் பின்பக்கம் போய் அம்மாவிடம் தாழ்ந்த குரலில் பேசுவார். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொள்வாள். அப்புறம் ஒன்றுமே நடக்காததுபோல் வந்து அப்பா பக்கத்தில் உட்காருவார். இரண்டு பேரும் ரோட்டைப் பார்ப்பார்கள். மணிக்கணக்கில் அவ்வளவுதான்.

பக்கத்து வீட்டு அத்தை ஒருநாள் என்னை மறித்து, ‘என்னட்டி, ஒங்க வீட்டுக்கு டெய்லி ஒருத்தர் வாராரே, அவிய ஆரு?’ என்று கேட்டாள். அப்பாவோட கூட்டாளி என்றேன். ‘ம்ம்’ என்றாள். அந்த ‘ம்ம்’ என் மண்டைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அன்றிலிருந்து கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் அவர் வரும் நேரத்தையும் போகும் நேரத்தையும் எழுதத் தொடங்கினேன். பருத்திக்கு அடிக்க வாங்கி வைத்திருந்த மருந்து டப்பாக்கள் அவர் பைக்கில் ஏறிப் போனதையும் எழுதினேன்.

ஒரு வியாழக்கிழமை பள்ளிக்கூடம் மத்தியானத்தோடு விட்டுவிட்டார்கள். அப்பா பம்புசெட்டுக்குக் குளிக்கப் போயிருந்தார். வீட்டுக்குப் பின்னால் அம்மா, பட்டாளத்துக் கம்பளியில் சுற்றிய நீளமான ஒன்றை சுபேதார் மாமாவிடம் கொடுத்துக்கொண்டிருந்தாள். அது என்னவென்று சுருட்டின விதத்திலேயே எனக்குத் தெரிந்துபோயிற்று. அவர் போனதும் அம்மா என்னைப் பார்த்துவிட்டாள். ஒருநாளும் என்னை அடித்திராதவள், கையை இறுக்கிப் பிடித்து, ‘அப்பாட்ட மூச்சு விட்டே, கொன்னுருவேன்’ என்றாள். சொல்லும்போதே பம்புசெட்டுப் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். திருடினவர்கள் அப்படித்தானே பார்ப்பார்கள் என்று நினைத்தேன்.

மறுநாள் சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது அம்மா இன்னும் காட்டிலிருந்து திரும்பவில்லை. அப்பா ஸ்டூல் போட்டு ஏறி, பரணில் கைவிட்டுத் துழாவிக்கொண்டிருந்தார்.

‘இங்கன இருந்ததை ஆரும் எடுத்தாவளா தாயி?’ என்று கேட்டார். அவ்வளவு மெதுவாக அவர் பேசி நான் கேட்டதேயில்லை.

‘தெரியாதுப்பா’ என்றேன்.

பரணை இன்னொரு தடவை துழாவினார். பிறகு இறங்கி, ஸ்டூலை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, ‘சரி, போய் விளையாடு’ என்றார்.

அந்த வருஷம் நான் மாதா கோவிலில் புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்குவதாக இருந்தது. பெற்றவர்களிடம் பொய் சொல்வது பெரிய பாவம் என்று ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் சிஸ்டர் சொன்னபோது என்னைப் பார்த்தே சொன்ன மாதிரி இருந்தது. வீட்டுக்கு வந்தால் சுபேதார் மாமா கூடத்தில் அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார், அம்மா அவருக்குக் காப்பி கொண்டு வருகிறாள். என்னால் பொறுக்க முடியவில்லை.

‘அப்பா, ஒங்க துப்பாக்கிய அம்மாதான் இந்த மாமாட்டக் குடுத்தாவ. நான் பாத்தேன்!’

அடி விழும், சண்டை வரும் என்று காத்திருந்தேன். அப்பா தலையைத் தூக்கவேயில்லை. ‘அதான் வெள்ளிக்கிழமை தேடுனேன், காணல’ என்றார். அம்மா காப்பி தம்ளரோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சுபேதார் மாமா என்னை வெளியே போகச் சொல்லிவிட்டு, நாற்காலியை அப்பாவின் முழங்காலில் முட்டும்படி இழுத்துப் போட்டார்.

அவர் என்ன கேட்டார் என்பதை அம்மா பல வருஷம் கழித்துத்தான் சொன்னாள். சுற்றி வளைக்கவில்லையாம். ‘சாவணும்னு தோணுதா தம்பி?’ என்று நேராகவே கேட்டாராம். அப்பா, ‘ஆமா சாப்’ என்றாராம். ‘சொன்னியே, அது போதும். இனி ஒன்னைத் தனியா விடமாட்டேன்’ என்றாராம். அதே பட்டாளத்தில் இருந்த இன்னொருவரிடம் இந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டுவிட்டதாக அவர் அம்மாவிடம் ஏற்கெனவே சொல்லியிருந்தாராம்.

நான் கதவோரத்திலிருந்து பார்த்ததெல்லாம் அப்பாவின் தோள் குலுங்கியதைத்தான். அரைமணி நேரத்தில் ஆட்டோ வந்தது. அப்பா நடுவில், இரண்டு பக்கமும் அவர்கள். என்னை அத்தை வீட்டில் விட்டுவிட்டுப் போனார்கள். அப்பா இரண்டு பேரையும் போலீஸ் ஸ்டேஷனுக்குத்தான் கூட்டிக்கொண்டு போகிறார் என்பதில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை. மறுநாள் வகுப்பில் அதைப் பெருமையாகவே சொன்னேன்.

அவர்கள் போனது மதுரை ஆஸ்பத்திரிக்கு. அப்பா பழையபடி சிரிக்க இரண்டு வருஷம் பிடித்தது. மாத்திரை, மாதாமாதம் மதுரைக்கு ரயில், கூடவே சுபேதார் மாமா. இன்றைக்கு அப்பா என் மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு உளுந்துக் காட்டைச் சுற்றி வருகிறார்.

ஆனால் அவர்கள் மதுரைக்குப் போன வாரத்துச் சனிக்கிழமை, அப்பா மதுரையில் கட்டிலில் படுத்திருக்க, சுபேதார் மாமா அவர் பக்கத்திலேயே தரையில் பாய் விரித்துக் கிடக்க, நான் கோவிலில் சாமியாரிடம் பாவங்களைச் சொல்லும் முதல் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நின்றேன். முறை வந்ததும் முழங்கால் போட்டு, முதல் பாவமாக அதைத்தான் சொன்னேன்:

‘சாமி, எங்க அப்பா ஒண்ணு கேட்டாவ. எனக்குத் தெரிஞ்சும் தெரியாதுன்னு பொய் சொல்லிட்டேன்.’

இனிமேல் அப்படிச் செய்யக்கூடாது என்று சொல்லி, பரிகாரமாக மாதாவுக்கு மூன்று அருள் நிறைந்த மந்திரம் சொல்லச் சொன்னார் சாமியார். சொன்னேன். ஒன்றுக்கு இரண்டாக, ஆறு சொன்னேன்.